சுவருக்கு உள்ளே காடு, சுவருக்கு வெளியே சனம்

காட்டை மீட்கிறோம், ஓடையை மீட்கிறோம், ஓடிப்போன பறவைகளையும் மான்களையும் திரும்பக் கூட்டி வருகிறோம் என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். கல்லூரிகள் இதில் முன்னால் நிற்கின்றன. வளாகத்துக்குள் ஓர் ஓடை, ஒரு குளம், நாட்டு மரங்கள், பறவைகளின் கணக்கெடுப்பு. நல்ல காரியந்தான். நான் அதுக்கு எதிரி இல்லை. எனக்குக் கேட்க இருப்பது ஒரே ஒரு கேள்வி. மீட்கிறது என்றால் யாரிடமிருந்து?

இழந்தவர் ஒருவர், பறித்தவர் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் மீட்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. காட்டை இழந்தது இயற்கை என்கிறார்கள். அப்படியானால் பறித்தது யார்? இந்த இடத்தில் எல்லோருடைய விரலும் ஒரே திசையில்தான் நீளுகிறது. வெறகு பொறுக்குகிறவள், ஆடு மேய்க்கிறவன், மலையடிவாரத்தில் குடிசை போட்டவன். அதாவது எங்க சனம். இந்தக் கட்டுரை அந்த விரலின் வரலாறு.

*

மயிலாடும்பாறை தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் இருக்கிறது. கடமலைக்குண்டையும் சேர்த்துக் கடமலை-மயிலை ஒன்றியம் என்பார்கள். 1996இல் தேனி மாவட்டம் பிரியும்வரை நாங்கள் மதுரை ஜில்லாக்காரர்கள். வைகை பிறப்பது எங்கள் மலையில்தான். வெள்ளிமலைப் பக்கம் கசிந்து, வாலிப்பாறை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று இறங்கி வருகிற ஆற்றை மூல வைகை என்கிறோம். பேருதான் மூலம். வருசத்தில் பெரும்பாலான மாசம் மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாக விழுந்தால் கரை தொட்டு ஓடும். இல்லாட்டி ஊத்துத் தோண்டி, செரட்டையில் அள்ளி, குடத்தை நிரப்ப வேண்டியதுதான்.

மேகமலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியதும் அங்கே நெல் வெளைந்தது. பென்னிகுயிக்குக்குச் சிலை உண்டு, மணிமண்டபம் உண்டு, பொங்கல் உண்டு. அணை கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலிகளுக்குக் காட்டுக்குள் மண்மேடுதான் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரியாற்றுத் தண்ணி வந்தபிறகு வைகையின் சொந்தத் தலைமாடு அதிகாரிகளுக்கு மறந்துபோனது என்பதுதான் எங்களுக்கு நேர்ந்தது. மேற்கேயிருந்து தண்ணி வரும்போது வருசநாட்டு மலையில் மரம் நின்றால் என்ன, விழுந்தால் என்ன? மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மானாவாரிக்காரர்களாகவே கிடந்தோம்.

அந்த மரங்களை யார் வெட்டினார்கள்? வருசநாட்டுப் பகுதி கண்டமனூர் ஜமீனைச் சேர்ந்தது. 1948இல் சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. காடு கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும் மாகாணம் முழுக்க ஜமீன்தார்கள் தனியார் காடுகளைக் காண்ட்ராக்டுக்கு விட்டு வெட்டித் தள்ளினார்கள். அதைத் தடுக்க 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று போடவேண்டி வந்தது. ஒரு சட்டம் எதைத் தடுக்கப் போடப்படுகிறதோ அதுதான் அதுக்கு முந்தின நாள்வரை நடந்துகொண்டிருந்தது. ஜமீன் மரத்தை விற்ற கணக்கை யாரும் ஆக்கிரமிப்பு என்று எழுதவில்லை.

அதுக்கும் முன்னால் 1882ஆம் வருசத்து சென்னைக் காட்டுச் சட்டம் இருக்கிறது. வெறகு, தழை, மேய்ச்சல், தேன், கிழங்கு என்று சனங்கள் பழக்கத்தில் எடுத்துவந்தது எல்லாம் அந்தச் சட்டத்துக்குப் பிறகு குற்றமாகவோ சலுகையாகவோ மாறிப்போனது. பரம்பரையாக மலையில் இருந்த பளியர்கள் தங்கள் காட்டுக்குள்ளேயே திருடர்கள் ஆனார்கள். அறுபது வருசம் கழித்து, யுத்தப் பஞ்சத்தில், 1940களில் அதே அரசாங்கம் அதிக உணவு உற்பத்தி இயக்கம் என்று சொல்லித் தரிசையும் காட்டையும் திருத்தி வெள்ளாமை செய்யச் சொன்னது. வெட்டாதே என்றதும் அவர்கள்தான், வெட்டு என்றதும் அவர்கள்தான். இரண்டு தடவையும் கோடாலி பிடித்த கை கூலிக்காரன் கை.

மலையடிவாரத்தில் காடு திருத்த வந்தவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. பணம் உள்ளவன் ஆள் வைத்துத் திருத்தினான். இல்லாதவன் அந்த ஆளாக வந்தான். எங்க அய்யாவும் அவுக அய்யாவும் அப்படி ஆளாக வந்தவர்கள். எலவமரம் நட்டார்கள், எலவம்பஞ்சு எடுத்தார்கள், கொட்டை பிரித்தார்கள். கடமலை-மயிலைப் பக்கத்து எலவம்பஞ்சு எங்கெங்கோ மெத்தையாகவும் தலையணையாகவும் போனது. பஞ்சுத்தூசி எங்க சனத்தின் நெஞ்சில் தங்கியது. திருத்தின நிலம் எங்கள் பேரில் இல்லை. நிலம் இல்லாதவனுக்கு ஆக்கிரமிப்பாளன் என்ற பட்டம் மட்டும் பொதுவில் கிடைத்தது.

2009இல் மேகமலை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதையும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆயிரத்துப் பதினாறு சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் அது அய்ந்தாவது, நாட்டில் 51ஆவது. வைகையின் நீர்ப்பிடிப்பைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். அந்தக் காரணம் பொய் இல்லை. மலை மொட்டையானால் மழைத்தண்ணி ஒரே நாளில் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். காடு இருந்தால் சருகும் வேரும் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும். 1959இல் திறந்த வைகை அணையில் சேர்ந்து கிடக்கிற வண்டல் இதுக்குச் சாட்சி. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊத்துத் தோண்டுகிறவளுக்குத் தெரியும், மலை எப்போது தண்ணியை விட்டுக்கொடுக்கும் என்று.

ஆனால் அதே மேகமலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. காட்டை வெட்டித்தான் தேயிலை போட்டார்கள். அவர்களிடம் ஆவணம் இருக்கிறது. ஆகவே அது எஸ்டேட். எங்களிடம் ஆவணம் இல்லை. ஆகவே இது ஆக்கிரமிப்பு. யானைக்கு இரண்டும் ஒன்றுதான்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்கிற பழங்குடிகளுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு வேறு விதி. பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருசமாக, அங்கே இருந்து காட்டை நம்பிப் பிழைத்ததை நிரூபிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1930. அந்த வருசத்தில் ஒரு சேரிக்காரன் பேரில் என்ன காகிதம் இருந்திருக்கும்? கூலிக்கு ரசீது உண்டா? தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி உரிமைச் சான்று கொடுப்பதே 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகுதான் அசைந்தது. காகிதம் இல்லாதவர்களின் வரலாறு இப்படித்தான், மற்றவர்கள் எழுதிவைத்த காகிதங்களின் இடுக்கில் கிடக்கிறது.

*

இனிக் கல்லூரிகளுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் வளாகத்துக்குள் காடு என்றதும் இரண்டு பேர்கள் முதலில் வரும். ஒன்று தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளியாக 1837இல் தொடங்கிய நிறுவனம், நூறு வருசம் கழித்து 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டில் முன்னூறு ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. முள்ளும் புதருமான வறண்ட செம்மண் பூமி. வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியர் தாவரவியலில் பைத்தியமாக இருந்தவர். அவர் காலத்தில் தொடங்கிய மரம் வளர்ப்பு, அடுத்தடுத்த தலைமுறை ஆசிரியர்களின் காவலில் இன்றைக்கு நகரத்துக்கு நடுவில் ஒரு காடாக நிற்கிறது. புள்ளிமான் உண்டு, பாம்பு உண்டு, எத்தனையோ வகைப் பறவை உண்டு. சுற்றிலும் தாம்பரம் முழுக்கச் சிமெண்டாகிப்போன பிறகு மழைத்தண்ணியை மண்ணுக்குள் விடுகிற வேலையை அந்த இடம் செய்கிறது. இதை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே செங்கல்பட்டு ஜில்லாவின் இன்னொரு நில வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1891இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நிலம் இல்லாததுதான் இவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்று சொன்னார். அடுத்த வருசம் வந்த அரசாணையால் மாகாணத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டும் அதில் பெரும்பகுதி கைமாறிப்போனது. அதே செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10இல், காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். கல்லூரி அந்த நிலத்தை எடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்துக்குக் காடு கிடைத்த ஜில்லாவில், தலித்துக்குக் கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டால் குண்டு கிடைத்தது என்று சொல்கிறேன். மீட்பு என்ற சொல் யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து அதுக்கு விருதும் கிடைக்கும், சவப்பெட்டியும் கிடைக்கும்.

இரண்டாவது, கிண்டி. 1958இல் கிண்டிக் காட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி மத்திய அரசின் கல்வி அமைச்சகத்துக்குக் கொடுத்தார்கள். 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அங்கே அய்.அய்.டி. எழுந்தது. அறுநூறு ஏக்கருக்கு மேல். காட்டின் மீதி 1978இல் தேசியப் பூங்கா ஆனது. மூன்று சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. அய்.அய்.டி. வளாகத்தில் ஏரி இருக்கிறது, ஆலமரம் இருக்கிறது, புள்ளிமான் கூட்டம் திரிகிறது, வெளிமானும் இருக்கிறது.

இந்த வெளிமானைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். பேரிலேயே வெளி இருக்கிறது. மரம் அடர்ந்த நிழலில் அது வாழாது. புல்லும் திறந்த வெளியும் வேண்டும். ஆபத்து வந்தால் ஓடித் தப்புகிற உயிர் அது. கட்டடங்கள் முளைத்து, அலங்கார மரங்கள் அடர்ந்து, புல்வெளி சுருங்கச் சுருங்க வெளிமானுக்கு இடம் குறைந்தது. பச்சையாகத் தெரிகிறதெல்லாம் காடு என்று நினைப்பது படித்தவர்களின் பொதுப்புத்தி. மரம் நட்டே ஓர் உயிரின் வீட்டை அழிக்க முடியும். யாருடைய வீடு எது என்று கேட்காமல் செய்கிற மீட்பு எல்லாம் இப்படித்தான் முடியும்; மானுக்கும் இதே விதி, மனுசனுக்கும் இதே விதி.

அந்த வளாகத்தில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் ஜூனில் திருப்பிக் கொடுத்தது. காட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு வளாகம் எந்த உயிரை அரியது என்று கருதிப் பாதுகாக்கிறது, எந்தக் குரலைத் தொந்தரவு என்று கருதி வெளியேற்றுகிறது என்பது இரண்டு கேள்வி அல்ல, ஒரே கேள்வி. வாழிடம் என்று விலங்குகளுக்குச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை அங்கே படிக்க வருகிற சேரிப் பிள்ளைக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

*

நீர்ப்பிடிப்பு, தடுப்பணை, வரப்பு, வாய்க்கால் என்பதெல்லாம் ஏதோ 1990களில் திட்ட அறிக்கையோடு வந்திறங்கிய அறிவு மாதிரிப் பேசுகிறார்கள். தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்தவன் யார்? மடைக்குடும்பன் என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் கம்புகட்டி என்றும் ஊருக்கு ஊர் பேர் மாறும். பெரும்பாலும் சாதி மாறாது. கண்மாயில் தண்ணி எத்தனை முழம், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்தக் கரை எங்கே கசிகிறது என்று இருட்டில் காலால் தொட்டே சொல்லக்கூடியவன் அவன். எல்லா வயலுக்கும் தண்ணி விட்டவனுக்குச் சொந்தமாக வயல் கிடையாது. மடைக்குள் மூச்சடக்கி முங்கி அடைப்பைப் பிடுங்கியவன் ஊர்க் கிணத்தில் வாளி போடக் கூடாது. உடைப்பை அடைக்கப் போய் உயிரை விட்டவர்களின் கதை எத்தனையோ கண்மாய்க் கரைகளில் சாமியாக நிற்கிறது. செத்தால் சாமி, இருந்தால் தீட்டு.

குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறோமே, 2017இல் அரசாங்கமே அந்தப் பேரில் திட்டம் போட்டதே, அதன் பழைய முகம் என்ன? 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. வெள்ளம் வந்து கரை உடைந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்களை அரசு கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். வழக்கமாகச் செய்துவந்த நீர்ப்பாசன மராமத்துக்கு வரமறுத்தால் தண்டிக்கலாம். ஊர் கூடி இழுத்த தேர் மாதிரி ஊர் கூடி வெட்டிய கண்மாய் என்று கதை சொல்கிறவர்கள் இந்தச் சட்டத்தைச் சொல்லுவதில்லை. கூடி வந்தவர்களுக்குச் சட்டம் எதுக்கு? தேருக்கு வடம் தொடவிடாதவனைக் கண்மாய்க்கு மட்டும் மம்பட்டியோடு கூப்பிட்டதுதான் குடிமராமத்து.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த திட்டங்கள் இந்தக் கணக்கை மாற்றவில்லை. 1994இல் அனுமந்தராவ் குழு அறிக்கை கொடுத்து, 1995இலிருந்து நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக்குப் புதிய விதிமுறை வந்தது. மலைமேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கவேண்டும், மக்களே குழு அமைத்துச் செய்யவேண்டும் என்றது. தொழில்நுட்பம் சரிதான். மேட்டில் மண்ணைப் பிடித்தால் பள்ளத்தில் கிணறு ஊறும். ஆனால் மேட்டில் இருப்பது யார், பள்ளத்தில் கிணறு வைத்திருப்பது யார்? மேடு புறம்போக்கு, அங்கே ஆடு மேய்த்தவர்கள் நிலமற்றவர்கள். மரக்கன்று வைத்ததும் மேய்ச்சல் நின்றது. பள்ளத்தில் நிலம் வைத்திருந்தவன் கிணத்தில் தண்ணி ஏறியது. இழப்பு ஒருவருக்கு, ஊற்று இன்னொருவருக்கு. இதுக்கு இடையில் நாங்கள் பெற்றது தடுப்பணை கட்டிய நாள்களின் கூலி.

*

நான் படித்த கல்லூரி எங்கள் பக்கத்துக் கரடு ஒன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. பேர் வேண்டாம். வளாகத்துக்குள் ஓர் ஓடை உண்டு. கரட்டுத் தண்ணி அது வழியாகத்தான் கீழே இருக்கிற கண்மாய்க்குப் போகும். கட்டடம் கட்டும்போது ஓடையை மண்ணடித்து மூடினார்கள். மழைக்கு ஆய்வகத்துக்குள் தண்ணி புகுந்தது. பிறகுதான் ஓடையை மீட்கிற யோசனை வந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது. கரட்டுச் சரிவில் குறுக்கு வாக்கில் குழி வெட்டினார்கள். ஓடையில் மூன்று இடத்தில் கல்லடுக்கினார்கள். சீமைக்கருவேலத்தைப் பிடுங்கி வேம்பு, புங்கன், ஆத்தி, உசிலை என்று வைத்தார்கள். மாணவர்கள் வாரத்துக்கு ஒருநாள் வந்து குழி வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மீதி ஆறு நாளும் வெட்டியது எங்கள் தெருப் பெண்கள். கல்லடுக்க இடம் தேடி அளவுக்கருவியோடு அலைந்த இன்ஜினியரிடம் எங்க அப்பத்தா, "அய்யா, அந்த வளைவுல போடுங்க. தண்ணி அங்கனதான் நின்னு யோசிக்கும். மத்த எடத்துல போட்டா வேகத்துக்குப் புடுங்கிட்டுப் போயிரும்" என்று சொன்னது. அந்த வளைவில்தான் போட்டார்கள். அது இன்றைக்கும் நிற்கிறது. அப்பத்தா ஆடு பத்திக்கொண்டு அந்த ஓடையில் நாற்பது வருசம் நடந்தது.

அடுத்த வருசமே தவளைச் சத்தம் கேட்டது. நாரை வந்தது, மயில் வந்தது, உடும்பைப் பார்த்ததாகச் சொன்னார்கள். மயிலாடும்பாறைப் பக்கத்தில் மயிலுக்கா பஞ்சம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். திறப்பு விழா நடந்தது. கல்வெட்டு வைத்தார்கள். தலைவர், செயலர், முதல்வர், நன்கொடையாளர், மாணவர் அணி என்று இருபது பேரின் பெயர் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒரு பேர் இல்லை. வளைவைக் காட்டிய கிழவியின் பேரும் இல்லை.

கல்வெட்டோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். விழா முடிந்து ஆறு மாசத்தில் சுவர் எழும்பியது. கன்றுகளை ஆடு கடிக்கிறது என்பது காரணம். நியாயமான காரணம்தான், இளங்கன்றை ஆட்டிடமிருந்து காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த வழியாகத்தான் நாங்கள் கரட்டுக்குப் போவோம், வெறகுக்குப் போவோம், எங்கள் சுடுகாட்டுக்குப் போவோம். பாதை சுவருக்குள் போய்விட்டது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மைல் சுற்றிப் போகவேண்டி வந்தது. சுற்றுகிற பாதை ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அங்கே பிணம் போகக்கூடாது என்று தகராறு. மனு கொடுத்தோம். "சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காக" என்று பதில் வந்தது. சாதியின் பேரைச் சொல்லிப் பாதையை அடைத்தால் வழக்குப் போடலாம். நாரையின் பேரைச் சொல்லி அடைத்தால் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

கீழே கண்மாய்ப் பாசனத்தில் கிணறுகள் ஊறின. அந்தக் கிணறுகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் காலனிக் குழாயில் நாலு நாளைக்கு ஒருதடவைதான் தண்ணி வந்தது.

*

சீமைக்கருவேலம் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது மீட்பு வேலை எங்கே நடந்தாலும் முதல் எதிரி இந்த மரம். வெளிநாட்டு மரம், நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுகிறது, வேற்று உயிர்களை வளரவிடாது என்கிறார்கள். அது பரவிய இடத்தில் புல்லும் நாட்டுச் செடியும் அழிந்ததை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது தானாக நீந்தி வரவில்லை. 1870களில் காட்டிலாகாதான் வெறகுப் பஞ்சத்துக்கு விதை வரவழைத்தது. பிறகு வறண்ட ஜில்லாக்களில் வேலிக்கும் வெறகுக்கும் அரசாங்கமே பரப்பியது. வெள்ளாமை செத்துப்போன ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் நிலமற்றவர்களுக்கு அந்த முள்தான் அடுப்பு, அந்த மூட்டக் கரிதான் கூலி. 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவால் ஊரெங்கும் எந்திரம் வைத்து அதைப் பிடுங்கினார்கள். பிடுங்கட்டும். அதை நம்பி அடுப்பு எரித்தவளுக்கு மறுநாள் என்ன வழி என்று எந்த உத்தரவிலாவது ஒரு வரி இருந்ததா?

அந்த நீதிமன்றக் கட்டடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2004இல் திறக்கப்பட்ட மதுரைக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் உத்தரவுகள் அந்தக் கண்மாய்க்குள் உட்கார்ந்துதான் எழுதப்படுகின்றன. கண்மாய்க் கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, கண்மாயையே நிரப்பிக் கட்டினால் பொதுநோக்கம். அளவைப் பொறுத்துக் குற்றம் குறையும்போல.

*

அப்படியானால் ஓடையை மீட்க வேண்டாமா, புலிக்குக் காடு வேண்டாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். வேண்டும். மலை அழிந்தால் முதலில் குடம் தூக்கிக்கொண்டு அலைவது எங்க வீட்டுப் பெண்கள்தான். பணக்காரன் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டுக்கொள்வான். காடு எங்களுக்குத்தான் அதிகம் தேவை. தண்ணீருக்காக 1927இல் மகாத் குளத்தில் கைவைத்தவர் அண்ணல். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் எங்கள் சனம் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இந்த இரண்டு வருசத்துக்கும் நடுவே நிற்கிறது தண்ணீர் பற்றிய எங்கள் சூழலியல். மானும் நாரையும் அதுக்குள்ளேயே வரும். நாங்கள் இல்லாத சூழலியலுக்குள் எங்களைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவதைத்தான் ஏற்க முடியாது.

செய்யவேண்டியது கம்பசூத்திரம் இல்லை. வளாகத்தில் ஓடையை மீட்கிற கல்லூரி, திட்டம் போடும் முன்னால் அந்த ஓடையில் யார் நடந்தார்கள், யார் மேய்த்தார்கள், யார் புதைத்தார்கள் என்று சேரிக்கு வந்து கேட்கட்டும். ஆட்டுக்குப் பயந்து வேலி போட்டால் கன்று வளர்கிற வரைக்கும் வேலி, அதுக்குப் பிறகு பாதை என்று எழுத்தில் கொடுக்கட்டும். சுடுகாட்டுப் பாதைக்கு வேலியே கூடாது. மேட்டில் பிடித்த தண்ணியால் பள்ளத்தில் கிணறு ஊறினால், அந்த ஊற்றிலிருந்து காலனிக்கு ஒரு குழாய் என்பது தானம் அல்ல, பங்கு. கல்வெட்டில் குழி வெட்டியவர்களின் பேரும் இருக்கட்டும்.

நாம் செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சாட்சியமாக வைக்கலாம் என்று இருக்கிறது. காகிதம் இல்லாதவனுக்கு அந்தச் சட்டம் விட்டுவைத்திருக்கிற ஒரு சந்து அது. வருசநாட்டு மலையடிவாரத்தில் காடு திருத்தக் கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். யார் கூட்டி வந்தார்கள், எந்த ஓடைக்கரையில் முதல் குடிசை போட்டார்கள், எந்த மரத்தடியில் கூலி அளந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நாக்கில் இருக்கிறது. வருசத்துக்கு நாலு பேர் என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு நோட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். தேதியோடு எழுதுங்கள், கைநாட்டு வாங்குங்கள், கிராமசபையில் வையுங்கள். பறவைகளைக் கணக்கெடுக்க அதிகாலையில் எழுந்து போகிறோம் இல்லையா, அதே அக்கறையோடு இதையும் செய்யவேண்டும். தாமதித்தால் 1930க்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது.